ஆசிரியர் மீது விழும் அடி

"அடியாத மாடு படியாது" என்பது நம்மவர் நாவில் நெடுநாட் பழகிய பழமொழி. "அடி உதவுவதுபோல அண்ணன் தம்பி உதவமாட்டார்" என்பது அதற்குத் துணையாக நிற்கும் இன்னொன்று. பாடசாலையைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் இவ்விரண்டும் எடுத்தாளப்படுகின்றன. இவற்றைச் சொல்வோர், அடிப்பவர் ஆசிரியர் என்றும் அடிபடுபவர் மாணவர் என்றும் எண்ணிக்கொண்டே சொல்கின்றனர். அந்த அடி சில வேளைகளில் மறுபுறம் திரும்பி ஆசிரியர் மீதும் விழுவதுண்டு என்பதை அவர்கள் நினைப்பதில்லை. ஆசிரியர் ஒருவர் தாக்கப்பட்டார் என்ற செய்தி பத்திரிகையில் வந்தால் ஒருநாள் பேசுகிறோம்; மறுநாள் மறந்துவிடுகிறோம். பத்திரிகைக்கு வராதவை எத்தனையோ உள. அவற்றைப் பற்றியே இன்று உங்களோடு சில நிமிடங்கள் பேச விழைகின்றேன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அரசாங்கப் பாடசாலைகளிற் பணிபுரிந்து வருகின்றேன். உதவியாசிரியராகவும், பகுதித் தலைவராகவும், பிரதி அதிபராகவும், இப்பொழுது அதிபராகவும் கடமையாற்றிய இக்காலத்தில், ஆசிரியர்களை அவர்களுடைய வகுப்பறையிற் பார்த்திருக்கின்றேன். ஓய்வறையில் அவர்கள் தம்முள் தாழ்ந்த குரலிற் பேசிக்கொள்வதையும் கேட்டிருக்கின்றேன். நான் கூறப்போகும் நிகழ்ச்சிகளுக்கு உரியவர்களின் பெயரையோ பாடசாலைகளின் பெயரையோ இங்கே கூறேன். அவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்பவர்கள். அவர்களிடம் கற்ற மாணவர் சிலர் இன்று தாமும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகின்றனர்.

முதலாவது நிகழ்ச்சி ஒரு கணித ஆசிரியரைப் பற்றியது. அவர் பிரம்பைக் கையிலெடுத்ததை எவரும் கண்டதில்லை. பதினோராம் வகுப்பில் இரு மாணவர்களிடையே மூண்ட வாய்ச்சண்டை கைகலப்பாக மாறியபோது, அவர் பக்கத்து வகுப்பிலிருந்து ஓடிச்சென்று இருவருக்கும் நடுவே நின்றார். ஒருவன் மற்றவனை நோக்கி ஓங்கிய கதிரை அவருடைய வலது மணிக்கட்டில் விழுந்தது, எலும்பு முறிந்தது. எவ்வாறு நேர்ந்தது என்று வைத்தியசாலையிற் கேட்டபோது, படியில் வழுக்கி விழுந்ததாகக் கூறினார். அடுத்த ஆறு வாரமும் இடக்கையாற் கரும்பலகையில் எழுதினார். கோணல்மாணலாக அமைந்த அவ்விலக்கங்களைப் பார்த்துச் சிறுவர்கள் சிரித்தனர். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

அவரோடு ஒரே பாடசாலையிற் கற்பித்து வந்த நான், ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று வினவினேன். "பொடியனுக்கு மார்கழியிலை சோதனை. பொலிசுக்குப் போனால் அவன்ரை வாழ்க்கை போயிடும்" என்றார். அவருடைய உள்ளம் பெரிய உள்ளம். அதனை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆயினும், அம் மாணவன் பரீட்சை எழுதி வெளியேறும் வரை அந்தக் கதிரையைப் பற்றி அவனிடம் எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தாள் என்பதும், தகப்பன் குடித்துவிட்டு வந்து அவனை நாள்தோறும் அடித்து வந்தான் என்பதும், அவன் பாடசாலையை விட்டு நீங்கிய பின்னரே ஆசிரியர்களுக்குத் தெரியவந்தன. அன்று நடந்தது நடந்தபடியே ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்குமாயின், அதனை வாசித்த யாரேனும் ஒருவர் அவன் வீட்டு வாசலை மிதித்திருப்பர். ஆசிரியருடைய மணிக்கட்டு ஆறு வாரத்திற் கூடிவிட்டது. அப் பிள்ளைக்கு யாரும் மருந்து கட்டவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சியில் அடி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி முதல் நியமனம் பெற்ற இளம் ஆசிரியை ஒருவர், கஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒன்றுக்கு ஆங்கிலம் கற்பிக்க அனுப்பப்பட்டார். இரண்டு பஸ் மாறி, எஞ்சிய தூரத்தை நடந்து கடந்து நாள்தோறும் வந்து சேர்வார். மேல்வகுப்பு மாணவர் சிலர், அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியவுடன் மேசையிலே தாளம் தட்டுவர். சீழ்க்கை அடிப்பர். ஒருநாள் அவரை அவர் அறியாமலே கைத்தொலைபேசியிற் படம் பிடித்து, அதன் கீழே அருவருப்பான வாசகம் ஒன்றைச் சேர்த்துத் தம்முள் அனுப்பிக்கொண்டனர். அது ஊருக்குள்ளும் பரவியது. அந்த ஆசிரியை மூத்த சகபாடி ஒருவரிடம் முறையிட்டபோது கிடைத்த மறுமொழி, "வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாவிட்டால் நாங்கள் என்ன செய்வது?" என்பதே.

அதன்பின் அவர் எவரிடமும் முறையிடவில்லை. கட்டாய சேவைக்காலம் முடிந்த மறுவாரமே இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். அவர் விட்டுச் சென்ற இடம் ஒன்றரை ஆண்டுகள் வெற்றிடமாகவே இருந்தது. அவ்வாண்டுகளில் அங்கே படித்த ஏழைப் பிள்ளைகள், சீழ்க்கை அடித்தவர்களும் அடியாதவர்களும் ஆகிய எல்லோருமே, ஆங்கிலத்தை இழந்தனர். வசதி படைத்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பு உண்டு. கஷ்டப் பிரதேசத்துப் பிள்ளைக்கு அந்த ஓர் ஆசிரியையை விட்டால் வேறு யார்?

மூன்றாவது நிகழ்ச்சி வெளியிலிருந்து வந்தது. நாலாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடித்துவிட்டான். ஆசிரியை அவனை முன்வரிசையில் தனியே இருத்திக் கணக்குச் செய்யச் சொன்னார், வேறொன்றும் செய்தாரில்லை. வீட்டுக்குச் செல்வதற்குள் அச் செய்தி, "ரீச்சர் பிள்ளையை ஒதுக்கி வைச்சவ" என்றும், பின்னர் "அடிச்சவ" என்றும் வளர்ந்துவிட்டது. மறுநாட் காலை, சிறுவனுடைய தகப்பன் உறவினர் இருவரோடு நேரே வகுப்பினுள் நுழைந்தார். வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். கொப்பிகளை வாரி எறிந்தார். மேசையை உதைத்துத் தள்ள, அது ஆசிரியையின் வயிற்றில் மோதியது. முப்பத்தாறு குழந்தைகள் இதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவன் அவருடைய சொந்த மகன். இந்நிகழ்ச்சியின் பிற்பகுதியைச் சிறிது நேரத்திற் கூறுவேன்.

நேயர்களே, இம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று புலனாகின்றது. அடித்தவர்கள் வேறு, அடிபட்ட முறை வேறு, இடம் வேறு. ஆயினும் முதலிரண்டிலும் அடியை அடுத்து வந்தது ஒன்றே. அதுதான் மௌனம். ஆசிரியர்கள் ஏன் வாய்திறப்பதில்லை என்பதை நாம் ஆராய வேண்டும்.

முதலாவது காரணம் வெட்கம். தம் வகுப்பில் மாணவன் கை ஓங்கினான் என்று சொல்வது, தமக்குக் கற்பிக்கத் தெரியாது என்று தாமே ஒப்புக்கொள்வதாகும் என ஆசிரியர் அஞ்சுகின்றார். வீட்டில் களவு போனால் களவு கொடுத்தவரை யாரும் நகைப்பதில்லை. ஆனால் வகுப்பறையில் அடிபட்டவரை நகைப்பதற்கு ஆட்கள் இருக்கின்றார்கள். இரண்டாவது காரணம் இரக்கம். அந்தக் கணித ஆசிரியரைப் போல, பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடுமே என்று பொறுத்துக்கொள்வோர் பலர். மூன்றாவது காரணம் பாடசாலையின் பெயர். விடயம் வெளியே சென்றால் அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள், பழைய மாணவர் சங்கம் முகஞ்சுளிக்கும் என்று சொல்லி, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி இரவோடிரவாகச் சமாதானம் செய்துவிடுவர். நான்காவது காரணம் அச்சம். முறையிட்ட ஆசிரியரைத் தேடி விசாரணை வரும். முறையிடாதவர் நிம்மதியாக இருப்பார் என்பது ஓய்வறையில் வாய்மொழியாக வழங்கும் பாடம்.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவிலே உளவியலாளர் சங்கம் ஒன்று, 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையான காலத்தைப் பற்றி ஏறத்தாழ 15,000 பாடசாலை ஊழியர்களிடம் வினவி, 2022இல் அறிக்கை ஒன்றை வெளியிட்டது. மாணவர்களின் வசைமொழிக்கோ மிரட்டலுக்கோ ஆளானதாக ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கூறினர். மாணவரால் உடலளவிலே தாக்கப்பட்டதாக 14 சதவீதத்தினர் கூறினர். கொள்ளைநோயின் காரணமாகப் பாடசாலைகள் பல மாதக்கணக்கில் மூடிக் கிடந்த காலத்துக் கணக்கு அது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அந்நாட்டு நிலைமையை நம் நாட்டுக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. ஆனால் அங்கே எண்ணிப் பார்த்தார்கள் என்பதிலிருந்து நாம் கற்க வேண்டியது உண்டு. இலங்கையில் ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன; இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவற்றிற் கற்பிக்கின்றனர். ஒவ்வொரு பாடசாலையும் மறைப்பதை எந்த அமைச்சும் எண்ணிவிட முடியாது. எண்ணப்படாத துன்பத்துக்குப் பரிகாரம் தேட எவரும் முன்வரமாட்டார்.

இங்கே சிலர் குறுக்கிட்டு, "இதற்கெல்லாம் காரணம் பிரம்பைப் பிடுங்கியதுதான், அந்தக் காலத்தில் வாத்தியாரைக் கண்டால் பிள்ளைகள் நடுங்குவார்கள்" என்று கூறுவர். ஓய்வுபெற்ற பெரியார் பலர் இதனை என்னிடமே கூறியிருக்கின்றனர். இக் கூற்றை மரியாதையோடு எடுத்து ஆராய்வோம்.

பிரம்புக்குச் சட்டத்தின் ஆதரவு இருந்த காலம் உண்மையாகவே ஒன்று இருந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில், உபாத்தியாயர் ஒருவர் தமது தற்றுணிபை நியாயமான அளவிற் பயன்படுத்தி மாணவனை அடித்தால் அது குற்றமுறையான வலோற்காரம் ஆகாது என்னும் கருத்தமைந்த உதாரணம் ஒன்றே எழுதி வைக்கப்பட்டது. காலம் மாறியது. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 1989இல் நிறைவேறியது. இலங்கை அதனை 1991இல் ஏற்று உறுதிசெய்தது. பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித கௌரவத்துக்கு இசைந்த முறையிலே பேணப்பட வேண்டும் என்று அச்சமவாயத்தின் 28ஆம் உறுப்புரை கூறுகின்றது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை நிறுவப்பட்டது. உடற்றண்டனையை விலக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இல் வந்தது. 2016இல் மீண்டும் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கிலே, அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை தரும் அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

இவ்வாறு பிரம்பு விலகியது சரியே என்பது என் உறுதியான கொள்கை. கதிரையை ஓங்கிய மாணவனை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவன் அடி அறியாத பிள்ளையல்லன். நாள்தோறும் அடிபட்ட பிள்ளை. கோபம் வந்தால் கையில் அகப்பட்டதை எடுத்து அடிப்பதே முறை என்று அவனுக்கு வீட்டிலே கற்பித்திருந்தார்கள். அவன் கற்ற பாடத்தை அவன் ஒப்புவித்தான். நாலாம் வகுப்பிலே நுழைந்து மேசையை உதைத்த தகப்பனும் பிரம்புக் காலத்திலே படித்தவர்தாம். பிரம்பு பணிவை வளர்க்குமாயின் அவரிடத்திலே அது வளர்ந்திருக்க வேண்டுமன்றோ? நடுக்கம் வேறு, மதிப்பு வேறு. நடுங்கியவன் வளர்ந்து வலிமை பெற்றதும் நடுக்கத்தை விட்டுவிடுவான். மதித்தவன் முதுமையிலும் மதிப்பான்.

ஆயினும் அப் பெரியார்களின் மனக்குறையில் உண்மை ஒன்று உண்டு. பிரம்பை எடுத்துக்கொண்டவர்கள் அது இருந்த இடத்தில் வேறெதையும் போதிய அளவில் வைத்தார்களில்லை. நாற்பது பிள்ளைகள் நெருங்கியிருக்கும் வகுப்பிலே, ஒருவன் வெறிகொண்டு எழுந்தால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும், அன்று மாலை யார் அவரோடு பேச வேண்டும் என்பன தெளிவாகச் சொல்லப்படவில்லை. ஆலோசனைக்கும் வழிகாட்டலுக்கும் ஆசிரியர் நியமிக்கப்பட்ட பாடசாலைகளிலும், வெற்றுப் பாடவேளைகளை நிரப்ப அவரையே அனுப்புவதைப் பார்க்கின்றோம். அடிக்காதே என்று ஆசிரியருக்குச் சொன்ன நாம், நீ அடிபட்டால் நாங்கள் உன் பக்கத்தில் நிற்போம் என்று அதே குரலிற் சொல்லவில்லை. இந்த இரண்டாவது வாக்கியம் சொல்லப்படாதவரை முதலாவது வாக்கியம் ஆசிரியர் காதில் வெறும் தண்டனையாகவே ஒலிக்கும்.

இனி, மூன்றாவது நிகழ்ச்சியின் பிற்பகுதியைக் கூறுகின்றேன். அது நான் அதிபராக இருக்கும் காலத்தில் நிகழ்ந்தது.

அதிபரின் மேசையிலே சம்பவத்திரட்டுப் புத்தகம் என்று ஒன்று இருக்கும். பழைய ஆசிரியர்கள் அதனை "லொக் புத்தகம்" என்பார்கள். கல்வி அதிகாரிகள் வந்து சென்றமை, பரிசளிப்பு விழா நடந்தமை, புயலிலே கூரை பறந்தமை எல்லாம் அதிலே பதிவாகும். அன்று பிற்பகல், நடந்தது முழுவதும் ஆசிரியையின் வாய்மொழியாகவே அதில் எழுதப்பட்டது. தகப்பன் சொன்ன குற்றச்சாட்டும் அதன் பக்கத்திலேயே எழுதப்பட்டது. ஒருதலைப்பட்சமான பதிவு பதிவாகாது. ஆசிரியை தனியே அனுப்பப்படாமல், சக ஆசிரியை ஒருவரோடு வைத்தியரிடம் அனுப்பப்பட்டார். வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்து மூலம் அறிவிக்கப்பட்டது. பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாடு பதிவுசெய்யப்பட்டது. அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் அரசாங்க ஊழியர். அவருடைய கடமைக்கு இடையூறு செய்தல் குற்றம் என்பதை ஊர் அறிய வேண்டியிருந்தது. சமாதானமாகப் போய்விடலாம் என்று சொல்ல வந்தவர்களிடம், சமாதானத்தை நாங்கள் மறுக்கவில்லை, ஆனால் எழுதிய பின்னரே சமாதானம் என்று கூறப்பட்டது.

இதனால் ஊர் இரண்டுபடும் என்று சிலர் அஞ்சினர். அவ்வாறு நிகழவில்லை. ஒரு வாரத்தின்பின் அந்தத் தகப்பன் தம் மைத்துனரோடும் பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரோடும் வந்தார். ஆசிரியர்கள் எல்லோரும் கூடியிருந்த இடத்தில் அந்த ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டார். தம் பிள்ளையை ஆசிரியை அடிக்கவில்லை என்பதை அறிந்துகொண்டதாகவும் சொன்னார். அவர் கடல் தொழிலாளி. அந்த மாதம் முழுவதும் கடலில் ஒன்றும் படாமல், கடன்காரர் வாசலில் நின்ற நாளிலேதான் மகன் அழுதுகொண்டு வந்தான் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. கோபத்துக்கு அது காரணமாகலாம், நியாயமாகாது. அவரும் அப்படித்தான் சொன்னார்.

ஆனால் சிறுவன் பாடசாலைக்கு வரவில்லை. பத்து நாட்களாக அவனைக் காணோம். அந்த ஆசிரியையே சனிக்கிழமை ஒன்றில் அவனுடைய வீட்டுக்குச் சென்றார். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற பிள்ளை மெல்ல வெளியே வந்து, "ரீச்சர், அப்பா இனிச் சண்டைக்கு வரமாட்டாராம். நான் பள்ளிக்கூடம் வரலாமோ?" என்று கேட்டதாம். இதனை என்னிடம் சொன்னபோது அவர் கண்கலங்கினார். நேயர்களே, தகப்பன் செய்த குற்றத்தை எட்டு வயதுப் பிள்ளை தன் தலையிலே சுமந்து, தான் விலக்கப்பட்டதாக நினைத்துக்கொண்டு பத்து நாள் வீட்டில் இருந்திருக்கின்றது. ஆசிரியர் மீது விழும் அடி கடைசியில் யார் மீது போய் விழுகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? விடயம் மூடி மறைக்கப்பட்டிருந்தால், அந்த ஆசிரியையும் இடமாற்றம் கேட்டுப் போயிருப்பார். அச் சிறுவனும் படிப்பை விட்டிருப்பான். இப்பொழுது அவன் எட்டாம் வகுப்பிலே படிக்கின்றான்.

பெற்றோருக்கு முறைப்பாடே இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆசிரியரும் தவறு செய்வர். கேட்க வேண்டியதைக் கேட்பது பெற்றோரின் உரிமை. அதற்கு நாகரிகமான வழி ஒன்று நெடுங்காலத்துக்கு முன்னரே வகுக்கப்பட்டிருக்கின்றது. சர்வதேசத் தொழில் நிறுவனமும் யுனெஸ்கோ நிறுவனமும் சேர்ந்து, ஆசிரியர்களின் தகைமைநிலை பற்றிய விதப்புரை ஒன்றை 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் நாளில் வெளியிட்டன. அந்த நாளே இன்று உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. ஆசிரியரின் தொழிற்பொறுப்புக்கு உரிய விடயங்களில் பெற்றோர் நியாயமின்றித் தலையிடுவதிலிருந்து ஆசிரியருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அது கூறுகின்றது. முறைப்பாடு உள்ள பெற்றோர் முதலில் அதிபரோடும் உரிய ஆசிரியரோடும் பேசும் வாய்ப்பைப் பெற வேண்டும் என்றும், அதன் பின்னர் மேலதிகாரிகளுக்குச் செய்யும் முறைப்பாடு எழுத்திலே இருக்க வேண்டும் என்றும், அதன் பிரதி ஆசிரியருக்குத் தரப்பட வேண்டும் என்றும் கூறுகின்றது. முதலிற் பேச்சு, பின்னர் எழுத்து. கைக்கு அங்கே இடமே இல்லை.

நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர், நல்லாசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டார் என்பது தமிழ் கற்றோர் அறிந்ததே. இவற்றுள் நிலத்தின் பொறுமையை மட்டும் நாம் பெரிதாக எடுத்துக்கொண்டோம். தோண்டினாலும் தாங்குவது நிலம், ஆதலால் ஆசிரியரும் எதையும் தாங்க வேண்டும் என்று உபதேசம் செய்கின்றோம். அதே இடத்திலே துலாக்கோலும் சொல்லப்பட்டிருக்கின்றது என்பதை மறந்துவிட்டோம். துலாக்கோல் எந்தப் பக்கம் எவ்வளவு பாரம் என்பதை ஒளிக்காமற் காட்டுவது. மாணவனுக்கு நேர்ந்த தீங்கையும் ஆசிரியருக்கு நேர்ந்த தீங்கையும் ஒரே கோலிலே நிறுத்து, உள்ளதை உள்ளபடி சொல்லும் பாடசாலையே நல்ல பாடசாலை. பொறுமை ஆசிரியருடைய பெருந்தன்மை. அதனைச் சாக்காகக் கொண்டு மற்றவர்கள் தம் கடமையிலிருந்து நழுவுதல் ஆகாது.

முடிவாக, மூன்று சாராரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்க விரும்புகின்றேன்.

அதிபர்களாகிய என் சகோதரர்களே, சகோதரிகளே, உங்கள் மேசையிலுள்ள அந்தப் புத்தகத்தைத் திறவுங்கள். ஆசிரியர் மீது விழுந்த அடியையும், மாணவர் மீது விழுந்த அடியையும், நாளும் நேரமும் குறித்து அதில் எழுதுங்கள். பாடசாலையின் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சவேண்டாம். அடிபட்டவரைக் கைவிட்ட பாடசாலை என்ற பெயரைவிடக் கெட்ட பெயர் வேறில்லை.

ஆசிரியர்களே, அடிபட்டமை உங்கள் குறையன்று. நடந்ததை அன்றே சொல்லுங்கள். உங்கள் சகபாடி ஒருவர் வந்து சொன்னால், வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதா என்று கேளாதீர்கள். ஒரு கோப்பைத் தேநீரை அவர் முன் வைத்து முழுவதையும் கேளுங்கள். அடித்த மாணவனுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். அதனையும் தேடிச் செல்லுங்கள். அப்பிள்ளை வீட்டிலே அடிபடுகின்றதென்று அறிந்தால், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் இருக்கின்றது. நாம் அடிக்கப்படலாகாது என்று கேட்பதற்கு, நாம் அடியாதிருத்தலே முதல் தகுதி என்பதையும் மறவாதீர்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அழுதுகொண்டு வந்தால் உங்கள் நெஞ்சு கொதிப்பது இயல்பு. அந்தக் கொதிப்பு ஆற ஓர் இரவு கொடுங்கள். மறுநாள் அதிபருடைய அறைக்கு வாருங்கள். உங்களுக்கு ஒரு கதிரை அங்கே உண்டு. வகுப்பறைக் கதவை மட்டும் கோபத்தோடு தள்ளாதீர்கள். அந்தக் கதவுக்கு அப்பால், உங்கள் பிள்ளை தலைகுனிந்து இருக்கின்றது.